உளி பிடிப்பவரின் மூச்சு

கள்ளக்குறிச்சியிலோ சின்னசேலத்திலோ ஒரு மரச் சிற்பப் பட்டறைக்குள் நுழைந்தால் பெரும்பாலும் மேசையும் நாற்காலியும் கண்ணில் படுவதில்லை. தரைதான் வேலைமேடை. ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரண்டு பாதங்களுக்கும் நடுவே மரக்கட்டையை அண்டக்கொடுத்து உட்காருகிறார் சிற்பி. பாதமே பிடிமானம். இடது கையில் உளி, வலது கையில் கொட்டாப்புளி. கோடு தெரிய வேண்டுமென்றால் தலை குனிய வேண்டும். தலை குனிந்ததும் தோள்கள் முன்னால் வருகின்றன, மேல்முதுகு வளைகிறது, மார்புக்கூடு அடிவயிற்றின் மேல் அமர்கிறது. நகை, விரல், கண்ணிமை போன்ற நுண்ணிய இடம் வந்தால் இன்னும் ஒரு சாண் குனிவு. கை ஆடக் கூடாது என்பதற்காக மூச்சும் தானாக நின்றுகொள்கிறது. ஒரு வெட்டு முடிந்ததும் ஒரு பெருமூச்சு. மறுபடியும் குனிவு.

இந்தத் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் மரத்தையும் கையையும் பேசுவார்கள், கண்ணையும் பேசுவார்கள். முதுகையும் மூச்சையும் பேசுவது அரிது. ஆனால் எத்தனையோ தலைமுறையாக இந்த ஊரின் சிற்பங்களைச் செய்து தந்தது உளி மட்டுமா? உட்கார்ந்திருந்த உடலும் சேர்ந்துதான் செய்து தந்தது. அந்த உடல் உட்கார்ந்த விதத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

வரைபடத்தில் இந்தத் தொழில் இருக்கும் இடமே கவனிக்கத்தக்கது. கல்வராயன் மலையின் கிழக்கு, தெற்கு அடிவாரங்களில் கள்ளக்குறிச்சியும் சின்னசேலமும். பச்சைமலையின் அடியில் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி. தமிழ்நாட்டில் மரச் சிற்பத்துக்குப் பேர்போன இந்த ஊர்கள் எல்லாமே கிழக்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. தேக்கும் வேங்கையும் சந்தனமும் மலையில் நின்றன. கோயில்களும் தேர்களும் சமவெளியில் இருந்தன. நடுவில் இருந்த ஊர்களில் உளிச்சத்தம் எழுந்தது.

மன்னர்கள் காலத்தில் மதுரைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த கைவினைக் குடும்பங்கள் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் இந்தத் தொழிலை வேரூன்றச் செய்தன என்பதே இதன் தோற்றம் பற்றிச் சொல்லப்படும் செய்தி. கோயில் தேர், சுவாமி வாகனம், வாசற்கதவு, பூசை மண்டபம் ஆகியவைதாம் நெடுங்காலம் அவர்களுடைய வேலை. பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993-ல் பிரிந்து, அதில் பிறந்த விழுப்புரம் மாவட்டமும் 2019-ல் பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. தொழிலுக்கு 2013-ல் கோரப்பட்ட புவிசார் குறியீடு 2021-ல் கிடைத்தது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பம் என்ற பெயருக்குச் சட்டக் காப்பு வந்துவிட்டது.

மலையில் வாழ்ந்தவர்களின் கதை வேறு. கல்வராயன் மலையை மூன்று ஜாகீர்தார் குடும்பங்கள் ஆண்டன: சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன். நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டு வரை அந்த ஆட்சியின் நிழல் நீடித்தது; 1976-ல்தான் மலை முழுமையாக அரசின் கைக்கு வந்தது. அதுவரை மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகீர்தாருக்கு வரியும் கொடுத்து, கூலியில்லாமல் உழைக்கவும் செய்தார்கள். கடுக்காய், புளி, தேன், சாமை என்று மலை தந்தவற்றைத் தலையில் சுமந்து அடிவாரத்துச் சந்தைக்கு இறங்கினார்கள்.

தலைச்சுமை என்பது உடலுக்குக் கடுமையான விதி. சுமை நிற்க வேண்டுமென்றால் கழுத்தும் முதுகுத்தண்டும் இடுப்பும் ஒரே கோட்டில் வர வேண்டும். கொஞ்சம் கூன் விழுந்தாலும் சுமை சரியும். கென்யாவின் லுவோ, கிகுயு இனப் பெண்கள் தலைச்சுமையோடு நடக்கும்போது எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளந்த ஓர் ஆய்வு 1986-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமந்தபோதும் அவர்களுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படவில்லை என்பது அதன் முடிவு. அது சமதளத்தில் எடுத்த கணக்கு. கல்வராயன் மலையின் ஏற்ற இறக்கத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. வறுமையால் சுமந்த சுமையைப் புகழ்ந்து பேசவும் கூடாது. ஆனாலும், உடலை எப்படி நிறுத்துகிறோம் என்பது மூச்சின் செலவை எவ்வளவு மாற்றும் என்பதற்கு அது நல்ல சான்று. மலையிலிருந்து நிமிர்ந்து இறங்கியவர்களும் அடிவாரத்தில் குனிந்து உட்கார்ந்தவர்களும் ஒரே சந்தையில்தான் சந்தித்துக்கொண்டார்கள்.

குனிந்து உட்கார்ந்தவர் எதைச் செதுக்கினார் என்று பார்த்தால் வரலாறு இன்னும் செறிவாகிறது.

சிற்ப நூல்கள் உருவத்தைத் தாளக் கணக்கில் அளக்கச் சொல்கின்றன. பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம்: உச்சி முதல் பாதம் வரை 124 அங்குலம். இந்த அங்குலம் அடிக்கோலின் அங்குலம் அல்ல, உருவத்தின் உயரத்திலிருந்தே பிரித்தெடுப்பது. டி.ஏ. கோபிநாத ராவ் 1920-ல் இந்த அளவு முறைகளைத் தொகுத்துத் தனி நூலாகவே வெளியிட்டார். அந்தக் கணக்கின்படி கழுத்தடியிலிருந்து மார்பு வரை, மார்பிலிருந்து தொப்புள் வரை, தொப்புளிலிருந்து அடிவயிற்றின் கீழ் எல்லை வரை உள்ள மூன்று இடைவெளிகளும் சமம். நிமிர்ந்த உடலில்தான் இந்தச் சமம் நிற்கும். ஒருவர் கூன்போட்டு உட்கார்ந்தால் முதலில் சுருங்குவது மார்புக்கும் தொப்புளுக்கும் நடுவே உள்ள இடம்தான். உதரவிதானம் என்னும் மூச்சுத் தசை ஏறி இறங்குவதும் அங்கேதான்.

சிற்பத்தில் உதரவிதானத்தைக் காட்ட முடியாது; ஆனால் அது வேலை செய்வதைக் காட்டலாம். கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1933-ல் வெளிவந்த ‘இந்தியச் சிற்பம்’ நூலில் இந்திய உருவங்களின் உடல் உள்ளே நிறைந்த மூச்சால் வடிவம் கொள்வதை விளக்கினார். கிரேக்கச் சிற்பத்தின் தசை முறுக்கை நம் சிற்பங்களில் தேடினால் கிடைக்காது. தோலுக்கு அடியில் பிராணன் நிரம்பி நிற்கிற மாதிரி விரிந்த மார்பு, இழுத்துப் பிடிக்காத வயிறு, தளர்ந்து இறங்கிய தோள்கள். கள்ளக்குறிச்சிப் பட்டறையில் உருவாகும் ஒரு சாதாரணத் தட்சிணாமூர்த்தியிலும் இந்த இலக்கணம் இருக்கும். உள்ளே இழுத்த மூச்சின் நிறைவைச் செதுக்கத் தெரியாதவருக்கு அந்த மார்பு வராது.

யோக நிலையில் இருக்கும் உருவங்களில் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. ஐயப்பனுக்கும் யோக நரசிம்மருக்கும் முழங்கால்களைச் சுற்றி ஒரு பட்டை கட்டியிருப்பதைப் பார்க்கலாம். யோகபட்டம் என்று அதற்குப் பெயர். பார்ப்பவர்கள் அதை அணிகலன் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். நெடுநேரம் அசையாமல் உட்கார வேண்டியவரின் காலும் இடுப்பும் தளராமல் தாங்குவதற்கான துணை அது. அதாவது, உட்காரும் உடலுக்குத் தாங்கல் வேண்டும் என்பது சிற்ப மரபுக்கு நன்றாகவே தெரியும்.

யோக மரபும் அதையே வரிசைப்படுத்திச் சொல்கிறது. திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விளக்கும்போது இருக்கையைச் சொல்லிவிட்டு, அதன் பிறகே மூச்சுப் பயிற்சிக்கு வருகிறது. பூரகத்துக்கு 16 மாத்திரை, கும்பகத்துக்கு 64, இரேசகத்துக்கு 32 என்ற கணக்கெல்லாம் உடல் நிலைபெற்ற பிறகுதான். ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பதும் இதே மரபின் எண். சிதம்பரம் பொன்னம்பலத்தின் கூரையில் அத்தனை பொன் ஓடுகள் என்பார்கள். அதை நிமிடக் கணக்காக்கினால் நிமிடத்துக்குச் சரியாக 15 வருகிறது. ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார் என்று இன்றைய மருத்துவ நூல்கள் சொல்லும் எல்லைக்குள் அது அழகாக அடங்குகிறது.

ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது ஏறத்தாழ அரை லிட்டர் காற்று. அமைதியாக இருக்கும்போது அந்த வேலையில் பெரும்பங்கை உதரவிதானமே செய்துவிடும். அது கீழே இறங்க வேண்டுமென்றால் குடலும் ஈரலும் கொஞ்சம் இடம் விட்டு விலக வேண்டும். வயிறு முன்னால் வர வேண்டும். அதே நேரத்தில் கீழ் விலா எலும்புகள், வாளியின் கைப்பிடியைத் தூக்குவதுபோல, பக்கவாட்டில் உயர வேண்டும். தொடையின் மேல் வயிறும், வயிற்றின் மேல் மார்பும் மடிந்திருக்கும் ஒருவருக்கு இந்த இரண்டு அசைவுகளும் குறுகிவிடுகின்றன. அப்போது கழுத்துத் தசைகளும் தோள்பட்டையும் துணைக்கு வருகின்றன. மூச்சு மேல்மார்போடு நின்று, ஆழம் குறைந்து, வேகம் கூடுகிறது. மாலையில் பிடரி வலி என்று சொல்லும் சிற்பியின் கழுத்து, பகல் முழுதும் தலையையும் தாங்கி மூச்சையும் இழுத்திருக்கிறது.

இதை முதன்முதலில் எண்களால் பிடித்தவர்களில் ஒருவர் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன். ஒருவர் முழுமையாக உள்ளிழுத்து முழுமையாக வெளியிடும் காற்றை அளக்கும் ஸ்பைரோமீட்டர் கருவியின் முடிவுகளை 1846-ல் அவர் வெளியிட்டார். அவர் அளந்த 2,000-க்கும் மேற்பட்டவர்களில் மாலுமிகள், தீயணைப்போர், போலீசார், மல்லர்கள், அச்சகத் தொழிலாளர்கள் என்று பல தொழிலினர் இருந்தார்கள். அந்த அளவு உயரத்தோடு சேர்ந்து கூடுகிறது என்பது அவருடைய பெரிய கண்டுபிடிப்பு. அதே மனிதர் நிற்கும்போது அதிகமாகவும், உட்கார்ந்தால் சற்றுக் குறைவாகவும், படுத்தால் இன்னும் குறைவாகவும் காற்றை வெளியிடுகிறார் என்பதையும் அவர் குறித்து வைத்தார். உடல் நிலை மாறினால் மூச்சின் அளவு மாறும் என்பது ஏறக்குறைய 180 ஆண்டுப் பழைய செய்தி. நலமாக இருப்பவர்களை நிமிர்த்தியும் கூன்போட்டும் உட்காரவைத்துச் சோதித்த ஒரு மருத்துவ ஆய்வு 2006-ல் வெளிவந்தது. கூன்போட்டு உட்காரும்போது நுரையீரலின் கொள்ளளவும், காற்றை வெளியே தள்ளும் வேகமும் குறைவதை அதுவும் காட்டியது.

இங்கே ஓர் அவசரத் தீர்ப்பைத் தவிர்க்க வேண்டும். தரையில் உட்காருவதுதான் குற்றம், நாற்காலி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிடலாம். ஆனால் தரையில் அமர்ந்து வேலை செய்வது இந்தத் தொழிலுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. பம்பாய்க் கலைப் பள்ளியில் பணியாற்றிய ஜான் லாக்வுட் கிப்ளிங் 1870-ல் வட இந்தியக் கைவினைஞர்களை வரைந்த படங்கள் லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலோர் தரையில் அமர்ந்தே வேலை செய்கிறார்கள். சம்மணமிட்டு நிமிர்ந்து உட்காரும் ஒருவரின் மார்பு, அலுவலக நாற்காலியில் சரிந்து கணினியை எட்டிப் பார்ப்பவரின் மார்பைவிட நன்றாகவே விரியும். தரையைக் குறை சொல்லிப் பயனில்லை. குனிவும், அந்தக் குனிவு எத்தனை மணி நேரம் இடைவிடாமல் நீடிக்கிறது என்பதும்தான் கேள்வி.

அந்த நேரம் எப்போது நீண்டது? இந்தத் தொழிலின் வரலாறு அங்கேதான் திரும்புகிறது.

தேர் செய்த காலத்து வேலையை எண்ணிப் பாருங்கள். இலுப்பை மரத்தையோ தேக்கையோ அறுத்து, நின்றுகொண்டு வாய்ச்சியால் செதுக்கி, உருட்டிப் புரட்டி நேராக்க வேண்டும். யாளியும் குதிரையும் துவாரபாலகரும் ஆளுயரம் இருக்கும். அவற்றை உட்கார்ந்த இடத்திலேயே முடிக்க முடியாது. சுற்றி வர வேண்டும், எழ வேண்டும், ஏறி நின்று மேற்பகுதியைச் செதுக்க வேண்டும். பிறகு பலகைகளைத் தேரில் அடுக்கடுக்காகப் பொருத்த வேண்டும். வாகனம் செய்தாலும் அப்படித்தான். மயிலின் கழுத்துக்கு நின்று வேலை, காலுக்குக் குந்தி வேலை. நுண்வேலைக்கு உட்கார்ந்து குனிந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது ஒரு நாளின் ஒரு பகுதி. கடினமான உழைப்பு அது, காயங்களும் நிறைந்த உழைப்பு. இருந்தாலும் உடல் ஒரே மடிப்பில் நாள் முழுக்கக் கிடக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாங்குபவர் மாறினார். பூம்புகார் என்று எல்லாரும் அழைக்கும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 1973-ல் தொடங்கப்பட்டது. நகரங்களில் விற்பனை நிலையங்கள் வந்தன. ஊரில் பயிற்சி வந்தது. கழகத்தின் கை பட்டதால்தான் பரம்பரைக்கு வெளியே இருந்த பலருக்கும் இந்தத் தொழில் திறந்தது. அது பெரிய நன்மை; குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் விற்பனை நிலையத்தின் அலமாரிக்குத் தேர் யாளி தேவைப்படவில்லை. ஒரு அடிப் பிள்ளையார், இரண்டு அடிக் கிருஷ்ணர், சுவரில் மாட்டும் கஜலட்சுமி, வரவேற்பறைக்கு ஒரு யானை போன்றவை விற்றன. நினைவுப் பரிசு, வீட்டு அலங்காரம், ஏற்றுமதி என்று உருவங்கள் கைக்கு அடக்கமாகிக்கொண்டே போயின. உருவம் சிறுத்தபோது அதைச் செய்பவரின் முதுகு இன்னும் வளைந்தது. சுற்றி வர வேண்டிய தேவை போய்விட்டது. கட்டையைத்தான் திருப்புகிறார்கள், சிற்பி அசைவதில்லை. உருப்படிக்குக் கூலி என்றால் எழுந்து நடக்கும் ஐந்து நிமிடமும் நட்டக் கணக்கில் சேரும்.

மரமும் மாறியது. ரோஸ்வுட் என்னும் ஈட்டி மரத்தைக் காக்க 1994-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. சந்தன மரத்துக்கு அதற்கு முன்பே கடும் கட்டுப்பாடு. இன்று பட்டறைகளில் வாகை, வேம்பு, மா, தேக்கு ஆகியவை வருகின்றன. அறுக்க மின்வாள், வழுவழுப்பாக்க மின்சாரத் தேய்ப்பான். உளியால் வெட்டும்போது விழுவது சிராயும் சீவலும். கையில் அள்ளிக் கூடையில் போட்டுவிடலாம். தேய்ப்பான் தருவது கண்ணுக்குத் தெரியாத தூள். பெரிய துகள் மூக்கிலேயே நின்றுவிடும். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் சிறியது உள்ளே இறங்கிவிடும்.

குனிவும் தூசியும் தனித்தனிச் சிக்கல்கள் போலத் தோன்றும். பட்டறையில் அவை ஒன்றாகிவிடுகின்றன. ஒருவர் நிமிர்ந்து வேலை செய்தால் கட்டைக்கும் மூக்குக்கும் ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி இருக்கும். குனிந்தால் அது ஒரு சாணாகச் சுருங்குகிறது. தூள் கிளம்பும் இடத்திலேயே மூச்சை இழுக்க வேண்டியிருக்கிறது. ஆழமில்லாத மூச்சாக இருப்பதால் நிமிடத்துக்கு எத்தனையோ முறை கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கிறது.

மரத்தூள் வெறும் தும்மல் சமாச்சாரம் இல்லை என்பதை உலகம் மரவேலைக்காரர்களின் உடலிலிருந்தே கற்றுக்கொண்டது. இங்கிலாந்தில் நாற்காலிக்குப் பேர்போன ஊர் ஹை விக்கம். அங்கே காது-மூக்கு-தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மே ஹாட்ஃபீல்ட், தம்மிடம் வரும் மரச்சாமான் தொழிலாளர்களிடம் மிக அரிய வகை மூக்குப் புற்றுநோய் திரும்பத் திரும்பத் தென்படுவதைக் கவனித்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 1968-ல் அதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-ல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஓர் ஊர், ஒரு தொழில், கவனித்துக் குறித்துவைத்த ஒரு மருத்துவர் என்ற சேர்க்கையிலிருந்துதான் அந்த அறிவு கிடைத்தது.

அதற்கும் 250 ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியின் மோடேனாவில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற மருத்துவர் பட்டறை பட்டறையாகப் போய்ப் பார்த்தார். தொழிலாளரின் நோய்கள் பற்றிய அவருடைய நூல் 1700-ல் வெளிவந்தது. நோயாளியிடம் ‘என்ன தொழில் செய்கிறாய்?’ என்று கேட்காமல் மருத்துவம் தொடங்கக் கூடாது என்பது அவர் ஏற்படுத்திய பழக்கம். உட்கார்ந்து தொழில் செய்கிறவர்களுக்கு அதில் தனி இயலே உண்டு; தையல்காரரும் செருப்புத் தைப்பவரும் முதுகு வளைந்து போவதைச் சொல்லி, விடுமுறை நாளிலாவது அவர்கள் உடலை அசைக்கட்டும் என்று அறிவுரை தந்தார்.

நம் பக்கத்தில் கைவினைஞரைப் பற்றி மிகுந்த அன்போடு எழுதியவர் ஆனந்த குமாரசாமி. கொழும்பில் பிறந்த தமிழரின் மகன். 1909-ல் வந்த ‘இந்தியக் கைவினைஞர்’ நூலில் ஊரில் கைவினைஞருக்கு இருந்த இடம், அவரது சமயப் பற்று, குலத் தொழிலின் ஒழுங்கு எல்லாவற்றையும் மதிப்போடு எடுத்து வைத்தார். இயந்திரம் அந்த வாழ்வைக் கலைத்துவிடுமே என்ற கவலை அந்த எழுத்தின் உயிர். ராமஸ்ஸினியின் கேள்வி அந்த மரபில் வளரவில்லை. கலையைக் கொண்டாடும் நம் எழுத்தில் சிற்பியின் கை தெய்வீகமாகிறது. அவருடைய நுரையீரல் ஒரு சொல்லுக்குக்கூட வருவதில்லை. கொண்டாட்டம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது பாதியில் நின்றுவிடுகிறதே என்பதுதான் குறை.

சட்டமும் இந்த இடத்தில் ஒரு சந்து விட்டிருக்கிறது. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், 44-ம் பிரிவில், நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டியவர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று சொன்னது. 2021-ல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, துணிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைக் கொடுத்தது. பல ஆண்டுக் கால் வலிக்குக் கிடைத்த நியாயம் அது. கள்ளக்குறிச்சிச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வந்ததும் அதே 2021-ல்தான். நாள் முழுதும் நின்றவர்களுக்கு இருக்கை வந்த ஆண்டில், நாள் முழுதும் உட்கார்ந்திருந்தவர்களின் பொருளுக்குப் பெயர் வந்தது. எழுந்து நிற்கவும், நிமிரவும், தூசியில்லாத காற்றை இழுக்கவும் அவர்களுக்கு எந்த ஏற்பாடும் அதில் இல்லை. வீட்டுத் திண்ணையிலும் நாலைந்து பேர் வேலை செய்யும் கொட்டகையிலும் நடக்கும் தொழிலைத் தொழிற்சாலைச் சட்டமும் எட்டிப் பார்த்ததில்லை.

செய்யக்கூடியவை பெரிய செலவுக்குரியவை அல்ல. கட்டையைப் பாதங்களுக்கு நடுவே வைப்பதற்குப் பதிலாக ஒரு முழ உயரச் சாய்வுப் பலகையின் மேல் முளையடித்து நிறுத்தினால் தலை ஒரு சாண் நிமிரும். உட்காருமிடத்தில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு மணைப்பலகை போட்டால் இடுப்பு முழங்காலுக்கு மேலே வந்து, முதுகின் இயல்பான வளைவு திரும்பும்; மார்பும் வயிறும் ஒன்றையொன்று அழுத்துவது குறையும். தேய்ப்பு வேலையை வெட்டுவேலை நடக்கும் இடத்திலிருந்து பிரித்து, காற்றோட்டமுள்ள பக்கத்துக்கு மாற்றி, முகக்கவசத்தோடு செய்யலாம். பெரிய உருப்படியும் சிறிய உருப்படியும் கலந்து வேலை எடுக்கும் பட்டறையில் உடல் தானாகவே இடம் மாறிக்கொள்ளும். தேர்த் திருப்பணி ஒன்றை ஏற்கும் குழுவில் நுண்வேலைக்காரரும் சில நாள் நின்று வேலை செய்ய வாய்க்கும். பழைய தொழில்முறையில் இருந்த அந்த மாற்றத்தை இன்று திட்டமிட்டுத்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

பயிற்சிக்கு வரும் இளைஞருக்கு முதலில் கற்றுத் தருவது உளியைப் பிடிக்கும் விதம். உளியைத் தவறாகப் பிடித்தால் ஆசான் உடனே திருத்துகிறார், ஏனென்றால் மரம் கெடும். தவறாக உட்கார்ந்தால் கெடுவது இருபது ஆண்டு கழித்துத்தான் தெரியும். அந்த இருபது ஆண்டை முன்கூட்டியே பார்க்க ஹட்சின்சனின் கருவி உதவும். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் திறக்கப்பட்டது. சிற்பப் பட்டறைகள் அதிலிருந்து சிறிது தூரத்தில்தான் இருக்கின்றன. ஒருவர் மூச்சை முழுக்க இழுத்து ஊதினால் சில நிமிடத்தில் முடிகிற சோதனை இது. பயிற்சியில் சேரும் நாளில் ஒரு முறை, அதன் பின் ஆண்டுக்கு ஒரு முறை, உயரம், வயது, செய்யும் வேலையின் அளவு, தேய்ப்பானில் செலவிட்ட நேரம் ஆகியவற்றோடு சேர்த்து எழுதி வைத்தால் பத்து ஆண்டில் இந்த ஊருக்கென்று ஒரு பதிவேடு உருவாகிவிடும். ஹை விக்கத்தில் நோய் வந்த பிறகு எழுதப்பட்டது அது. இங்கே அதற்கு முன்பே எழுதத் தொடங்கலாம். புவிசார் குறியீட்டின் பெயரால் அமையும் சிற்பிகளின் சங்கங்களும் பூம்புகாரும் மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசினால் அடுத்த பயிற்சிக் குழுவிலிருந்தே இதைத் தொடங்கிவிடலாம்.